ரோட்டை மறித்த தண்ணீர்

மாதா துணை

பரவை,
28-5-1979

அன்பு மகள் குழந்தைத்தெரேசுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நான் சுகமாக இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் எழுதுகிற வார்த்தைதான், ஆனால் போன கடிதம் வரைக்கும் அதைப் பழக்கத்தில் எழுதினேன், இந்த வாரம்தான் நிஜமாக எழுதுகிறேன். நீ அங்கே சுகமா என்று கேட்கத்தான் கை தயங்குகிறது, காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். ஊரில் நல்ல வெயில், கண்மாய் வெடித்துக் கிடக்கிறது, நேற்று சாயங்காலம் நாகமலைப் பக்கம் மேகம் கூடி நாலு தூறல் போட்டு ஏமாற்றிவிட்டுப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அழகம்மாள் மகனுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், பெண் அழகர்கோவில் பக்கம், உன்னைக் கேட்காத நாள் இல்லை. உன் அம்மா வளர்த்த செங்கோழி பதினொரு குஞ்சு பொரித்தது, பருந்து இரண்டைக் கொண்டுபோய்விட்டது, மீதி என் காலைச் சுற்றித்தான் மேய்கிறது. இப்போது பட்டப்பகலில் நம் வீட்டுக் கூடத்தில் காற்றுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன். டிரைவருக்கு வாரநாளில் பகலில் வீட்டில் என்ன வேலை என்று நீ நினைப்பாய், அதையும் எழுதத்தான் போகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. பம்பாய் ஆஸ்பத்திரியில் உன் வார்டில் ஆள் குறைவென்று நைட் டூட்டியை நீயாகவே கேட்டு வாங்கிக்கொண்டிருப்பதாகவும், பகலில் மேல்படிப்புக்குப் படிப்பதாகவும், முதலில் கஷ்டமாக இருந்தது இப்போது பழகிவிட்டது, எனக்குத் தூக்கமே தேவைப்படவில்லை அப்பா என்றும் எழுதியிருந்தாய். அதற்குக் கீழே, வார்டின் கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா நிற்பதைப் பார்த்தேன், தலையை நன்றாக வாரியிருந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், எனக்குப் பயமே வரவில்லை, சந்தோஷமாக இருந்தது, அம்மா ஆன்மா ஏதோ கேட்கிறதா, பூசை வைக்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கோவிலுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். பூசை நடந்தது, நானும் முழங்காலில் நின்றேன். ஆனால் தாயி, உன் அம்மா அங்கே வந்தது பூசை கேட்டு இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளை நானும் பார்த்தேன். இந்த மாதம்தான், வாடிப்பட்டிக்கும் சமயநல்லூருக்கும் நடுவில், நல்ல வெயிலில், நாற்பது ஐம்பது பேரைப் பின்னால் உட்கார வைத்து பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன். உனக்கு எழுத வேண்டாம், பிள்ளை தூரத்தில் இருந்து கவலைப்படும் என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தைப் படித்தபிறகு எழுதாமல் இருப்பது பாவம் என்று தோன்றியது.

முகூர்த்தக் காலம் என்று பங்குனியிலிருந்தே கம்பெனியில் கல்யாண ஸ்பெஷல் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நம் முத்திருளன், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்குப் பனங்கிழங்கு கொண்டுவருவானே அவன்தான், ஷெட்டில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். அவன் வண்டியை யார் எடுப்பது என்று மேனேஜர் கேட்டபோது, நான் எடுக்கிறேன் என்று நான்தான் சொன்னேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வத்தலக்குண்டு வண்டியை ஓட்டிவிட்டு வந்து ஸ்பெஷலையும் எடுப்பேன். ஸ்பெஷல் முடிந்தால் ஷெட் பெஞ்சிலேயே கொஞ்சம் சாய்ந்துவிட்டு மறுபடி முதல் டிரிப். மரியராஜுக்கு இரும்பு உடம்பு என்று பையன்கள் சொல்வார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் உள்ளுக்குள் காரணம் வேறு. வீட்டுக்கு வந்தால் படுக்க வேண்டும், படுத்தால் தூங்க வேண்டும், தூங்கினால் விழிக்க வேண்டும். அந்த விழிக்கிற நேரத்துக்குத்தான் நான் பயந்தேன். விழித்தவுடன் ஒரு நிமிஷம் ஒன்றும் ஞாபகம் இருக்காது, அடுப்படியில் உன் அம்மா பாக்கியம் இருக்கிறாள், காப்பி வாசம் வரும் என்று உடம்பு பாட்டுக்குக் காத்துக்கொண்டு கிடக்கும். அப்புறம் தெரியும். ஐப்பசியில் அவளை மண்ணுக்குள் வைத்தது ஒரு தடவை, அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு தடவை. அதற்குப் பேசாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்துவிடலாம் என்று இருந்தது. நீ நைட் டூட்டியைக் கேட்டு வாங்கியதற்கும் இதுதான் காரணமோ என்னவோ, எனக்குத் தெரியாது, நீ சொன்னால்தான் தெரியும்.

முதலில் கொட்டாவி கொட்டாவியாக வரும். கண்ணில் மண் விழுந்தது மாதிரி உறுத்தும். வாடிப்பட்டியில் இறங்கி முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு ஒரு டீ குடித்தால் சரியாகும். கொஞ்ச நாளில் கொட்டாவி நின்றுவிட்டது. உடம்பு பழகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று நானும் உன்னைப் போலத்தான் நினைத்தேன். அது பழக்கம் இல்லை தாயி, கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு இவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று உடம்பு வாயை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அது வேறு வழியில் சொல்ல ஆரம்பித்தது. காப்பியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு நாலு வாய் கழித்துத்தான் தெரிந்தது. சாப்பிட்டேனா இல்லையா என்று தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்வேன். ஆடு ஓட்டிப் போனவரை ஹாரன் அடித்துக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன், நான் அப்படித் திட்டுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். இன்னொரு நாள் ரோட்டோரம் ஒரு கன்றுக்குட்டி தாயிடம் பால் குடிப்பதைப் பார்த்துவிட்டுப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது, ஏன் என்றே தெரியவில்லை. மே மாத வெயிலில் தோள்பட்டை குளிர்ந்தது. ரோட்டோர மரங்கள் நின்ற இடத்தில் நிற்காமல் மெள்ள மெள்ள என்னைப் பார்த்து நடந்து வருகிற மாதிரி இருக்கும், எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு டிரிப்பில் என் கண்டக்டர் நல்லகாமனைத் திரும்பிப் பார்த்து, சமயநல்லூர் வந்திருச்சாப்பா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "என்னண்ணே, சமயநல்லூர்ல நிறுத்தி ஆளேத்திட்டுத்தான வாரோம், நீங்கதான நிறுத்துனீங்க" என்றான். நான் நிறுத்தியிருக்கிறேன், கியர் மாற்றியிருக்கிறேன், வளைவில் திரும்பியிருக்கிறேன், எதுவும் என்னிடம் இல்லை. அன்றைக்கே இறங்கியிருக்க வேண்டும். சும்மா கேட்டேன்டா என்று சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

அந்த நாளைச் சொல்கிறேன். வத்தலக்குண்டிலிருந்து கிளம்பிய காலை வண்டி. நிலக்கோட்டையில் காசிமாயன் என்று ஒரு பூக்காரர் மல்லிகை மொட்டைக் கூடை கூடையாக ஈரச் சாக்குப் போட்டு மூடி மதுரை மார்க்கெட்டுக்கு ஏற்றினார். வாடிப்பட்டியில் நம் பரவை மார்க்கெட்டில் காய்கறி விற்கிற சோலையம்மாள் கத்தரிக்காய் மூட்டையோடு ஏறியது, உனக்கு அடையாளம் தெரியும், மூக்கில் பெரிய பேசரி போட்டு அதிகாரமாகப் பேசும். வாடிப்பட்டி தாண்டி வெயில் ஏறிவிட்டது. தூரத்தில் ரோடு பளபளத்தது. கானல் எல்லா டிரைவருக்கும் தெரிந்ததுதான், கிட்டே போகப் போக அது எட்டிப் போய்விடும். இது எட்டிப் போகவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே நிஜமான ஆறு, ஐப்பசி மாத வைகை மாதிரி செம்மண் கலங்கலாக நுரையும் தழையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. என்ஜின் சத்தம் கேட்கவில்லை, தண்ணீர்ச் சத்தம்தான். முழங்கால் தண்ணீரில் உன் அம்மா நிற்கிறாள். அந்தக் கத்தரிப்பூக் கலர்ச் சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறாள், இடுப்பில் தூக்குச்சட்டி. நான் பரவையைத் தாண்டும்போது ஸ்டாப்பில் நின்று கையைக் காட்டி எனக்குச் சோறு கொடுப்பாளே, அதே மாதிரி கையை நீட்டினாள். எனக்குத் துளி பயம் இல்லை குழந்தை. நீ எழுதிய அதே சந்தோஷம். மனசு பஞ்சாக இருந்தது. எங்கே இத்தனை நாள் போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. பக்கத்தில் போக வேண்டும் என்ற ஆசையில் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அமுக்கியது. இதைத்தான் நீ நன்றாகப் படித்துக்கொள்ள வேண்டும், பிரேக்கை இல்லை, ஆக்ஸிலேட்டரை.

என்னைக் காப்பாற்றியது என் புத்தி இல்லை. தலை தொங்கி உடம்பு வலது பக்கம் சரிந்ததில் கை ரப்பர் ஹாரன் மேல் விழுந்து அது பாம் என்று கத்தியது. கண்ணைத் திறந்தால் ஆறும் இல்லை அவளும் இல்லை, வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று கண்ணாடியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. எப்படி ஒடித்தேன் எப்படிப் பிரேக்கை மிதித்தேன் என்று தெரியாது, பஸ் மண்ணில் இறங்கி ஒரு வேப்பமரத்துக்கு முன்னால் குலுங்கி நின்றது. வண்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார், தனக்கு என்ன நடக்க இருந்தது என்று அவருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரிந்திருக்காது. உள்ளே பிள்ளைகள் அழுதன, ஒரு கூடை உருண்டது, வேறொன்றும் ஆகவில்லை, மாதாவுக்கு ஸ்தோத்திரம். நான் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றேன். நல்லகாமன் ஓடி வந்து, "ஒண்ணுமில்லண்ணே, மொகத்தக் கழுவுங்க, ஒரு டீயப் போட்டமுன்னா போயிரலாம்" என்றான். இத்தனை நாளும் அந்த டீயில்தான் ஓடியது. நான், இனி ஒரு அடி ஓட்ட மாட்டேன்பா, நான் தூங்கணும் என்றேன். என் வாயிலிருந்து வந்ததா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஆனால் சொன்னவுடன் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

பிறகு ஒரே கூச்சல். ஷெட்டுக்குப் போன் போட நல்லகாமன் ஒரு லாரியில் ஏறிச் சமயநல்லூர் போனான், போட்டுவிட்டு வந்து மாற்று டிரைவர் யாரும் இல்லையாம், இருக்கிற ஆளை வைத்து ஓட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்களாம் என்றான். பின்னால் வந்த வண்டியில் பாதிப் பேர் நெருக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்கள். காசிமாயன் கூடைகளுக்கு அதில் இடம் கொடுக்கவில்லை. அவர் என் முன்னால் வந்து நின்று, "யோவ், நீரு தூங்குறதுக்கு எம் பூவா கெடச்சுச்சு? இந்த வெயில்ல மொட்டு வாயத் தொறந்துருச்சுன்னா எவன் வாங்குவான்? தூக்கம் வந்தா வீட்ல கெடக்கணும்யா" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அப்போது வேறொருத்தர், குடிச்சிட்டு வந்திருக்கான்யா என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சோலையம்மாள் மூட்டையை விட்டு எழுந்து வந்து, என் முகத்துக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தது, சந்தை நடுவில் மீனை மோந்து பார்க்கிற மாதிரி. பார்த்துவிட்டுத் திரும்பி, "குடிக்கல கிடிக்கல. கண்ணப் பாருங்கய்யா, ரத்தக்கட்டியா நிக்கிது. மனுசன் தூங்கி எம்புட்டு நாளாச்சோ" என்றது. அப்போதும் காசிமாயன் விடவில்லை, மெதுவாவாவது ஓட்டச் சொல்லு தாயி என்றார். அதற்கு அது சொன்னது எனக்கு அப்படியே காதில் நிற்கிறது: "இவரு இப்பத் தூங்குனா நாம பொழுதுக்குள்ள வீட்டுக்குப் போவோம். தூங்காம ஓட்டுனாருன்னா நாம எல்லாருமாத் தூங்கிருவோம். எது வேணுமுன்னு நீங்களே சொல்லுங்க." சொன்ன கையோடு தன் சாக்கை உதறி வேப்பமரத்தடியில் விரித்து, படுங்கண்ணே என்றது.

படுத்தேன். கிணற்றில் கயிறு அறுந்த வாளி மாதிரி நேராக இறங்கினேன். கனவு கிடையாது, ஆறு கிடையாது, அவளும் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. முதலில் வந்தது வாசம்தான். கண்ணைத் திறக்காமல் கிடக்கிறேன், மல்லிகை வாசம் காற்று முழுக்க நிறைந்து, மூச்சு விட்டால் மூச்சில், நாக்கில்கூட. உன் அம்மாவை எடுத்துப்போன அன்றைக்குப் பெட்டி நிறைய வைத்தோமே அந்த வாசம். கண்ணைத் திறந்தால் வேப்பிலைக்குள்ளே வெயில் காசு காசாக ஆடுகிறது, பஸ் கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, மிச்சம் இருந்த ஜனம் முழுக்கத் தூங்குகிறது. நல்லகாமன் படிக்கட்டில் தலையைத் தொங்கப் போட்டுக் கிடக்கிறான். ஒரு அம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சக்கரத்தில் சாய்ந்தபடியே தூங்குகிறது. காசிமாயன் கூடைகளுக்கு நடுவில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறார், சாக்கை விலக்கித் தண்ணீர் தெளித்துப் பார்த்திருக்கிறார், விரிவது நிற்கவில்லை, மொட்டு அத்தனையும் விரிந்து கூடை வழிய வெள்ளையாக நிற்கிறது. சோலையம்மாள் மட்டும் காக்காயை விரட்டிக்கொண்டு முழித்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து மெதுவான குரலில், "ஒமக்கு அடுத்து இந்த ஆளுதான் விழுந்தாரு. ரா முழுக்கப் பூப்பறிக்கிறவுகல்ல, அவுகளுக்கும் தூக்கமேது. எல்லாரும் தூங்குனா ஒருத்தி முழிச்சிருக்கணும்ல" என்றது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். உடம்பு தண்ணீரில் அலசின துணி மாதிரி லேசாக இருந்தது. லேசானவுடன், இத்தனை மாதமும் நான் எதை விலக்கி விலக்கி ஓடினேனோ அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பாக்கியம் இல்லை. ஆற்றில் நின்றதும் அவள் இல்லை, அது தூக்கமில்லாத கண் எனக்குக் கட்டின பொம்மை. அவள் கல்லறைத் தோட்டத்தில் வேலி ஓரத்தில் படுத்திருக்கிறாள், நான் விளக்கு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வயசான ஆள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். யாருண்ணே என்று சோலையம்மாள் கேட்டது. வீட்டுக்காரி என்றேன். எப்ப என்றது. ஐப்பசியில என்றேன். ஒரு காக்காயை விரட்டிவிட்டு, "எம் மக பிரசவத்துல போனப்ப நானும் இப்புடித்தான், மார்க்கெட்டே கதின்னு கெடந்தேன். தூங்குறது கஷ்டமில்லண்ணே. முழிக்கிறதுதான் கஷ்டம்" என்றது.  சொம்பில் தண்ணீர் கொடுத்தது, குடித்தேன், அவ்வளவு தண்ணீரை நான் ஒரேயடியாகக் குடித்து எத்தனையோ நாளாகியிருந்தது. பிறகு எல்லாரையும் எழுப்பி ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். சமயநல்லூரில் நிறுத்தியது தெரிந்தது, எத்தனை பேர் இறங்கினார்கள் என்பது தெரிந்தது, ரயில்வே கேட் திறந்திருந்தது தெரிந்தது. பரவையில் சோலையம்மாள் மூட்டையை இறக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் மார்க்கெட்டுக்குள் போய்விட்டது. ஜன்னலோரத்துப் பெண்கள் தலையில் எல்லாம் பூ இருந்தது, விற்காது என்று காசிமாயன்தான் அள்ளி அள்ளிக் கொடுத்தார், முகத்தை மட்டும் உம் என்று வைத்துக்கொண்டே கொடுத்தார்.

ஷெட்டில் நல்ல மண்டகப்படி கிடைத்தது. காசிமாயன் என் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார், கொடுக்கட்டும், பூ அவருடைய பூ. வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டுத் தூங்கின டிரைவரை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று மேனேஜர் சத்தம் போட்டார், இன்னொரு தடவை நிறுத்தினால் அப்படியே வீட்டுக்குப் போய்விடு என்றார். நான் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை, ஆனால் தூங்கி எழுந்ததால் வந்த தைரியமோ என்னவோ, "இன்னொரு தடவ அப்புடிக் கண்ணு இருட்டுச்சுன்னா இன்னொரு தடவயும் நிறுத்துவேன் சார், அதுக்கு மேல ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். ஜூன் கடைசி வரைக்கும் டூட்டி கிடையாது என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முத்திருளன் கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்து, என்னாலதான அண்ணே என்று குழந்தை மாதிரி அழுதான், அவனுக்குச் சோறு போட்டு அனுப்பினேன்.

வீட்டில் முதல் வேலையாக உள் அறையைத் திறந்தேன். ஐப்பசிக்குப் பிறகு நான் அங்கே படுக்கவே இல்லை என்பது உனக்குத் தெரியாது. தூசி தட்டி, தலையணை உறையைத் துவைத்துப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை விழித்தேன். அந்த ஒரு நிமிஷம் வந்தது, காப்பி வாசத்துக்குக் காத்துக் கிடந்தேன், பிறகு தெரிந்தது. ஓடவில்லை. பாயிலேயே உட்கார்ந்திருந்தேன், எதிர்ச் சுவரில் வெயில் ஏறுகிற வரைக்கும். பிறகு பசித்தது. பசி என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது, கம்மங்கூழ் கரைத்து வெங்காயத்தைக் கடித்துக் குடித்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். இப்போதும் காலையில் அது வருகிறது, வராது என்று நான் பொய் எழுத மாட்டேன். ஆனால் வந்து, இருந்து, போகிறது. அவளைத் தூக்கத்தில் ஒரு தடவை பார்த்தேன், ஆற்றில் எல்லாம் இல்லை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு என்னிடம் ஏதோ குறைப்பட்டுக்கொண்டிருந்தாள், எழுந்து சிரித்துக்கொண்டேன்.

குழந்தை, நீ நர்ஸ், உடம்பைப் பற்றி உனக்கு நான் பாடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். நோயாளிக்குக் காய்ச்சல் ஏறினால் கையைத் தொட்டே சொல்கிறவள் நீ. உன் கையை யார் தொட்டுப் பார்ப்பது? கொட்டாவி நின்றுவிட்டதா, வெயிலில் குளிருகிறதா, போட்ட மருந்தைப் போட்டோமா என்று மறுபடி மறுபடி பார்க்கிறாயா, சின்ன விஷயத்துக்கு அழுகை வருகிறதா, ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு வந்தது ஞாபகம் இல்லாமல் போகிறதா, இதை உன்னையே கேட்டுப் பார். எனக்கு ஸ்டியரிங் எப்படியோ உனக்கு ஊசி அப்படி. அம்மாவைப் பார்த்து நீ சந்தோஷப்பட்டதாக எழுதினாயே, அந்தச் சந்தோஷம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவளைப் பார்க்கலாம் என்று நீ தூங்காமல் இருந்துவிடாதே. எனக்கும் அந்த ஆசை வந்தது, அன்றைக்கு மறுபடி வண்டியை எடுத்து அந்த இடத்தைத் தாண்டும்போது கண் தானாகத் தேடியது, அதனால்தான் சொல்கிறேன். உங்கள் மேட்ரனம்மாவிடம் வெட்கப்படாமல் சொல், என்னால் முடியவில்லை, நான் தூங்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல். படிப்பு ஓடிப் போகாது, அடுத்த வருஷமும் பரீட்சை வரும்.

கடிதத்தில் சொன்னால் நீ சரி அப்பா என்று பதில் எழுதிவிட்டு டூட்டிக்குப் போய்விடுவாய், என் மகள்தானே. அதனால் நானே வருகிறேன். எனக்கும் ஜூன் கடைசி வரைக்கும் வேலை இல்லை. அடுத்த வாரம் மெட்ராஸ் போய் அங்கிருந்து பம்பாய் ரயில் ஏறுகிறேன், தாராவியில் உன் பெரியப்பா மகன் ஞானசீலன் வீட்டில் இறங்குகிறேன், அவனுக்கும் தனியாக எழுதிவிட்டேன், எப்போது வேண்டுமானாலும் தாராளமாக வாருங்கள் என்று அவன் பெண்டாட்டி முன்பே சொல்லியிருக்கிறது. அழகம்மாள் கோழிக்குஞ்சுகளைப் பார்த்துக்கொள்கிறது. நீ லீவு போட்டுவிட்டு அங்கே வந்துவிடு. எனக்கு ஊர் சுற்றிக் காட்ட வேண்டாம், கடலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வந்தவுடன் குளித்துவிட்டு, நான் வடித்து வைத்திருக்கிற சோற்றை ரசம் விட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடு. ஒரு நாளோ இரண்டு நாளோ, எவ்வளவு வருகிறதோ அவ்வளவும் தூங்கு, யாரும் உன்னை எழுப்ப மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடு, மறந்துவிடாதே. இந்தக் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம், அந்த நேரத்தில் கொஞ்சம் படு. மாதா உன்னைத் தன் மடியில் வைத்துக் காப்பாற்றட்டும், உன் அம்மா ஜெபமும் என் ஆசீர்வாதமும் எப்போதும் உன் தலைமேல் உண்டு. ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவைக்கிறேன் தாயி. தூங்கி எழும்போது உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும், எனக்கு இருந்தது. பயந்து மறுபடி கண்ணை மூடிக்கொள்ளாதே. நீ கண்ணைத் திறக்கிற நேரத்தில் நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்து ரயிலேறப் போகும் அப்பா,
சூ. மரியராஜ்